வெட்டினால் வாறன் எண்டு அர்த்தம்

1. பால்மா ரின்னுக்குள்ள கிடந்த போன்

முதல் முதல் என்ர கைக்கு ஒரு செல்போன் வந்த அண்டைக்கு நான் அதைப் பால்மா ரின்னுக்குள்ள போட்டு மூடி வைச்சனான். கடற்காத்துப் பட்டுத் துருப்பிடிச்சுப் போடும் எண்ட பயம். ரெண்டு நாளா அது ஒரு சத்தமும் போடேல்லை. மூண்டாம் நாள் கனடாவில இருக்கிற என்ர தம்பி பக்கத்துக் கடைக்குப் போன் எடுத்து, "அக்கா, உங்களுக்கு எடுத்து எடுத்துக் களைச்சுப் போனன். போனை எங்க வைச்சிருக்கிறியள்?" எண்டு கேட்டான். சொன்னன். அவன் சிரிச்ச சிரிப்பு கடைக்காரருக்கும் கேட்டிருக்கும்.

சண்டை நிண்டிருந்த சமாதான காலத்தில ஒருக்கா ஊருக்கு வந்திட்டுத் திரும்பிப் போகேக்க அவன் தன்ர பழைய போனை என்ர கையில வைச்சிட்டுப் போனவன். "அக்கா, தீவு தீவாத் திரியிறியள், கையில ஒண்டு இருக்கட்டும்" எண்டான். போனைத் தந்தான். மாசா மாசம் அதுக்குத் தீன் போடுறது ஆர் எண்டு அவனும் சொல்லேல்லை, நானும் கேட்கேல்லை.

நான் வேலணையில குடும்பநல உத்தியோகத்தரா வேலை செய்தனான். கடுதாசியில அதுதான் பேர். சனம் கூப்பிடுறது மிசி எண்டு. கர்ப்பிணித் தாய்மாரைப் பதியிறது, கிளினிக்கில நிறுத்துப் பிரஷர் பாக்கிறது, வலி கண்டால் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறது, பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பாக்கிறது. அந்த நாளில ஆள் பற்றாக்குறை. வேலணை, சரவணை, ஊர்காவற்றுறைக் கரை, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வள்ளமேறி அனலைதீவு. எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான். சைக்கிளும் பஸ்ஸும் வள்ளமும்தான் என்ர வாகனம்.

எங்கட டொக்டரிட்டைப் போய்க் கேட்டன். "டொக்டர், போனுக்கு ஏதும் அலவன்ஸ் தருவினமோ?"

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "மிசி, உம்மட சைக்கிளுக்கு ரெண்டு ரயர் கேட்டு எழுதினதுக்கே இன்னும் பதிலில்லை. நீர் போனுக்குக் கேக்கிறீர்."

"அப்ப என்ர சொந்தக் காசு."

"சொந்தக் காசெண்டால் கவனமாப் பாவியும்."

கவனமா எண்ட அந்தச் சொல்லை நான் பிடிச்ச பிடி இருக்கே, வேற ஒருத்தரும் அப்பிடிப் பிடிச்சிருக்க மாட்டினம். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் பட்டணத்தில போர்டிங்கில நிண்டு படிச்சவை. வீட்டுக்காரருக்குப் பிரஷர், சீனி, ரெண்டுக்கும் குளிசை. மாசத்துக்கு ஒரு நூறு ரூபாக் கார்ட், அதுக்கு மேல ஒரு சதமும் இல்லையெண்டு முடிவெடுத்தன். கார்ட் எண்டால் சுரண்டுற கார்ட். அதில சாம்பல் பூச்சு இருக்கும், சதக் குத்தியால சுரண்டினால் நம்பர் வரும், அதை அடிச்சால் போனுக்குள்ள காசு ஏறும். அந்த நாளையில என்ர சிம்மில வாற கோலுக்கும் காசு வெட்டும். ஆரும் எடுத்து "மிசி, சாப்பிட்டியளோ?" எண்டு கேட்டாலும் போறது என்ர காசுதான்.

2. ஒரு அடி சுகம், ரெண்டு அடி வாங்கோ

அப்ப நான் கண்டுபிடிச்சதுதான் மிஸ் கோல் முறை. கண்டுபிடிச்சன் எண்டு சொல்லுறது பொய். தீவு முழுக்க அதைத்தான் செய்தது. வள்ளம் கரைக்கு வந்தால் வீட்டுக்கு ஒரு அடி, உலையை வை எண்டு அர்த்தம். பட்டணத்தில பஸ் ஏறினால் ஒரு அடி, சந்திக்கு சைக்கிளைக் கொண்டு வா எண்டு அர்த்தம். ஆரும் ஆரோடயும் கதைக்கிறேல்லை, எல்லாரும் எல்லாருக்கும் அடிப்பினம். நான் அதைத் தொழிலுக்குள்ள கொண்டு வந்தன், அவ்வளவுதான்.

ஏழு மாசம் தாண்டின ஒவ்வொரு தாயின்ர கிளினிக் கார்ட்டுக்குப் பின்பக்கத்திலயும் சிவப்புப் பேனையால எழுதினன். ஒருக்கா அடிச்சு வெட்டினால் சுகம். ரெண்டு தரம் அடிச்சால் வலி தொடங்கீட்டுது, வாங்கோ. அதுக்குக் கீழ கொட்டை எழுத்தில: மிசி எடுக்க மாட்டா.

பின்னேரம் ஐஞ்சு மணிக்குச் சுகங்கள் வரத் தொடங்கும். போன் இல்லாத வீட்டுக்காரர் அயல் வீட்டில வாங்கி அடிப்பினம். நான் குசினி யன்னலில போனை வைச்சிட்டு, அங்கதான் எங்கட வீட்டில சிக்னல், தேங்காய் துருவிக்கொண்டு எண்ணுவன். சரவணை சுகம். ஊர்காவற்றுறை சுகம். ஒரு சதம் செலவில்லை. எனக்கு எப்பன் தலைக்கனமும் வந்திட்டுது, உள்ளதைச் சொல்லவேணும். கூட்டத்துக்குப் போனால் மற்ற மிசிமாருக்கு இதைச் சொல்லிக் காட்டுறதுதான் என்ர வேலை.

அப்பதான் சரவணைச் சிவபாதத்தார் வந்தார். தோட்டக்காரன், புகையிலையும் வெங்காயமும் வைக்கிறவர், கையை இறுக்கிப் பிடிச்ச மனுசன். அவரின்ர மகளுக்கு ரெண்டாவது பிள்ளை. ஒரு பின்னேரம் என்ர கையில மாவு, போன் அடிக்குது, ஏதோ யோசினையில பொத்தானை அமத்திப்போட்டன்.

"ஹலோ, மிசி கதைக்கிறன்."

அங்கால சிவபாதத்தார் பதறிப் போனார். "ஏன் மிசி எடுத்தனீங்கள்?"

"சரி எடுத்திட்டன், மகள் எப்பிடி?"

"மகள் சுகம்! அதைத்தானே ஒரு அடியில சொல்ல வந்தனான்! வையுங்கோ, வையுங்கோ, காசு போகுது!"

அடுத்த கிளினிக்குக்கு மகளோட தானும் வந்திட்டார். தாய்மார் இருபது பேர் வாங்கில இருக்கினம். எல்லாருக்கும் கேக்கத்தக்கதா, "எனக்கும் போச்சு, உங்களுக்கும் போச்சு. ஆருக்கு லாபம்?" எண்டார். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். ஆனால் போகேக்க அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்.

"மிசி, ஒண்டு. நான் ரெண்டு தரம் அடிக்கிறன். நீங்கள் கண்டனீங்களோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இது பிள்ளைப்பேறு விசயம். ஒரு பதில் வேணும்தானே?"

"பதிலுக்கு நான் எடுத்தால் நீங்கள் திருப்பியும் சண்டைக்கு வருவியள்."

"எடுக்க வேண்டாம். ரெண்டாவது அடியை நீங்களே வெட்டுங்கோ. வெட்டினால் கண்டிட்டியள், வாறியள். நாங்கள் பேசாமல் இருக்கலாம்."

நல்ல மூளை. அண்டைக்கே எல்லாக் கார்ட்டிலயும் இன்னொரு வரி ஏறினது. சனம் அதைச் சுருக்கி வைச்சுக்கொண்டுது: வெட்டினால் வாறா.

3. பத்து அடி அடிச்ச மரியதாஸ்

ஊர்காவற்றுறைக் கரையில மரியதாஸ் எண்டொரு கடற்றொழிலாளி. பெஞ்சாதி ஜெசிந்தா. கல்யாணம் கட்டி ஆறு வருசத்துக்குப் பிறகு வயித்தில தங்கின முதல் பிள்ளை. அந்த மனுசனுக்கு நிலத்தில கால் பாவேல்லை. கடலுக்குப் போறதைக் குறைச்சுப்போட்டு வீட்டில நிண்டு அவளுக்குத் தண்ணி அள்ளிக் குடுத்தான். பொம்பிளையள் மட்டும் வாற கிளினிக்குக்கும் வந்து வேப்ப மரத்துக்குக் கீழ நிப்பான்.

ஒருநாள் காலமை அவனின்ர நம்பரில இருந்து பத்து அடி வந்துது. ரெண்டு ரெண்டா எண்ணினால் ஐஞ்சு பிள்ளை பிறந்திருக்கவேணும். நான் பாணைக் கடிச்சபடியே போட்டுட்டு, பஸ்ஸும் இல்லை, அவ்வளவு தூரமும் சைக்கிள் மிதிச்சுக்கொண்டு போனன். போய்ப் பாத்தால் ஜெசிந்தா முத்தத்தில கதிரை போட்டிருந்து அரிசியில கல்லுப் பொறுக்குறாள்.

"என்ன பிள்ளை, வலியோ?"

"இல்லை மிசி. கால் எப்பன் வீங்கின மாதிரிக் கிடந்தது. நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல இவர்தான்."

பிரஷர் பாத்தன், சலம் பாத்தன், எல்லாம் சரி. பிறகு மரியதாஸ் பக்கம் திரும்பினன். அவனோட நிண்டு கிழிஞ்ச வலை பொத்தின நாலு பேரும் பாத்துக்கொண்டு நிக்கினம். எனக்கு அதெல்லாம் கண்ணில தெரியேல்லை. வாய் வந்தால் நிப்பாட்டத் தெரியாத ஆள் நான்.

"உமக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதோ? கார்ட்டில என்ன எழுதியிருக்கு? திருப்பித் திருப்பி அடிச்சால் என்ர பற்றரி செத்துப் போகும். பிறகு உண்மையா வலிக்காறி ஒருத்தி அடிக்கேக்க நான் என்ன செய்யிறது? ஒருக்கா சொன்னால் காணும். எனக்குக் காது செவிடில்லை!"

அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டான். "சரி மிசி. இனி அப்பிடி அடிக்கேல்லை."

சொன்ன சொல்லைக் காப்பாத்தினான். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஐஞ்சு மணிக்கு ஒரேயொரு அடி, அதுவும் பாதி அடி, கூச்சப்படுகிற மாதிரி.

4. அனலைதீவுக் கிளினிக் நாள்

ஜெசிந்தாவுக்கு நாள் சொல்லியிருந்ததுக்கு இன்னும் ஒரு மாசம் கிடந்தது. அண்டைக்கு எனக்கு அனலைதீவுக் கிளினிக். காலமை ஊர்காவற்றுறையில வள்ளமேறிப் போய், ஊசி போட்டு, பிள்ளையளை நிறுத்து, மத்தியானம் சாப்பிடாமல் திரும்பி வள்ளமேறினன். போன் ஒரு சொப்பிங் பைக்குள்ள, அது இன்னொரு சொப்பிங் பைக்குள்ள, வாய் கட்டி என்ர மடியில. அதுக்குள்ள பதினெட்டு ரூபா மிச்சம் கிடந்தது. சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள்.

நடுக்கடலில சிக்னல் இல்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறை கண்ணுக்குத் தெரியேக்கதான் வரும். வந்த உடன போன் அடிச்சுது. பைக்குள்ளால பாத்தன், மரியதாஸின்ர நம்பர். ரெண்டு மணி. ஐஞ்சு மணிச் சுகம் இண்டைக்கு வெள்ளண வருது எண்டு நினைச்சன். அடிச்சு வெட்டுவான் எண்டு பாத்தன். வெட்டேல்லை. அடிச்சுக்கொண்டே இருக்குது.

எங்கட சனத்துக்கு அப்ப ஒரு பயம் இருந்தது. எடுக்காட்டிலும், கனநேரம் அடிச்சுக்கொண்டிருந்தால் காசு போகும் எண்டு. அது பிழையான கதை எண்டு பிறகுதான் அறிஞ்சன். அண்டைக்கு நான் நினைச்சது இதுதான்: பாவம், பொடியன் வெட்ட மறந்திட்டான், கார்ட் கரையுது. அவனுக்காக நானே வெட்டி விட்டன். எஞ்சின் சத்தம், அலை தெறிக்குது, பைக்கு மேலால சிவப்புப் பொத்தானை ஒரு அமத்து. பிறகு போனை மடியில வைச்சிட்டன். அவன்ர காசை மிச்சம் பிடிச்சுக் குடுத்தன் எண்டு ஒரு திருப்தி வேற.

வெட்டினால் வாறா. என்ர கையாலதான் அவையின்ர கிளினிக் கார்ட்டில அதை எழுதிக் குடுத்தனான். அந்த வரி அந்த நேரம் எனக்கு நினைவில வரேல்லை.

இறங்குதுறையில கால் வைச்சன். இடப்பக்க ஒழுங்கையால நடந்தால் பத்து நிமிசத்தில மரியதாஸின்ர வீடு. வலப்பக்கம் பஸ் நிண்டுது. பஸ்ஸில ஏறினன். சரவணையில இறங்கி, சிவபாதத்தாரின்ர மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள், போய்ப் பாத்து, தொப்புளுக்கு மருந்து வைச்சு, அவை தந்த தேத்தண்ணியை ஆறுதலாக் குடிச்சு, பிறகு அடுத்த பஸ்ஸில வேலணைக்கு வந்தன். சந்தியில இறங்கி வீட்டுக்கு நடக்கிறன், பின்னால ஒரு வான் ஓட்டோட்டமா வந்து என்னை முந்திப் போய் நிண்டுது.

மரியதாஸ் குதிச்சு இறங்கினான். சேட்டில ரத்தம்.

"மிசி, ஏன் வரேல்லை?"

"எங்க?"

"நீங்கள் வெட்டினீங்கள்தானே!"

வானுக்குள்ள எட்டிப் பாத்தன். ஜெசிந்தா படுத்திருக்கிறாள், மரியதாஸின்ர தமக்கை பிலோமினா அவளின்ர தலையை மடியில வைச்சிருக்கிறா. நான் ஏறி வயித்தில கை வைச்சன். கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. எனக்கு உடன விளங்கீட்டுது. நஞ்சுக்கொடி பிள்ளை பிறக்க முதலே உள்ளுக்குக் கழண்டிருக்கு. இதுக்குக் கத்தி வைக்கிறதைத் தவிர வேற வழியில்லை, அதுவும் கெதியா.

"எப்ப தொடங்கினது?"

பிலோமினா அக்காதான் சொன்னா. "ரெண்டு மணிக்கு முன்னமே மிசி. ரத்தத்தைக் கண்ட உடன இவன் உங்களுக்கு அடிச்சவன். வான்காரன் அப்பவே வாசலில நிண்டவன். முதல் அடி போகேல்லை, ரெண்டாவதை நீங்கள் வெட்டினபடியா, மிசி வாறா, பொறுங்கோ எண்டு இவன்தான் மறிச்சவன். பாத்துப் பாத்து, நாலு மணியாகுது, இனிப் பொறுக்கேலாது எண்டு நான்தான் ஏத்திக்கொண்டு வாறன்."

பட்டணத்துப் பெரியாசுப்பத்திரிக்குப் போன் எடுத்தன். பிரசவ விடுதி, ரத்தப்போக்கு, தியேட்டரை ஆயத்தப்படுத்துங்கோ, ரத்தம் வேணும், அரை மணித்தியாலத்தில நிப்பம். ரத்த வகை சொல்லி முடிக்கவும் பதினெட்டு ரூபா முடியவும் சரியா இருந்தது. ரெண்டு நிமிசம். அவ்வளவுதான் அந்தப் பதினெட்டு ரூபா. ரெண்டு மணிக்கு அதில அரை நிமிசத்தைச் செலவழிச்சு "என்ன தம்பி?" எண்டு கேட்டிருந்தால், பத்து நிமிச நடையில அந்த வாசலில நிண்டிருப்பன்.

சோதனைச் சாவடியில வானை நிப்பாட்டினாங்கள். எஞ்சின் நிண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில பையில கிடந்த குழலை எடுத்து ஜெசிந்தாவின்ர வயித்தில வைச்சுக் காதைக் குடுத்தன். பிள்ளையின்ர துடிப்புக் கேட்டுது. மெதுவா, விட்டு விட்டு, ஆனால் கேட்டுது.

மரியதாஸ் என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தான். "இருக்கோ மிசி?"

"இருக்கு" எண்டன்.

ஆசுப்பத்திரியில ஆயத்தமாத்தான் நிண்டவை. வண்டிலில ஏத்தி நேர உள்ளுக்குக் கொண்டு போச்சினம். ஜெசிந்தாவைக் காப்பாத்திப் போட்டினம். பொம்பிளைப் பிள்ளை. பிள்ளை தப்பேல்லை.

5. போர்மில இல்லாத விசயம்

ஒரு சிசு இறந்தால் விசாரணை வரும். எத்தினை தரம் கிளினிக்குக்கு வந்தவ, பிரஷர் எவ்வளவு, எத்தினை மணிக்கு ஆசுப்பத்திரிக்குப் போனவ, எல்லாத்துக்கும் ஒரு போர்ம். டொக்டருக்கு முன்னால இருந்து நிரப்பினன். எல்லாப் பெட்டிக்குள்ளயும் சரியான பதில். பிந்தினதுக்குக் காரணம் எண்டொரு பெட்டி. அதில தெரிவு செய்ய நாலைஞ்சு கிடந்தது: வாகனம் இல்லை, பாதை, வீட்டுக்காரர் சம்மதிக்கேல்லை, இப்பிடி.

"டொக்டர், இதுக்குள்ள நான் கோலை வெட்டினது எங்க வரும்?"

அவர் போர்மைத் தன்ர பக்கம் திருப்பிப் பாத்தார். "மிசி, அது எந்த போர்மிலயும் இல்லை. ஒருத்தரும் உம்மைக் கேக்கப் போறதுமில்லை. நேரத்துக்கு வந்திருந்தாலும் பிள்ளை தப்பியிருக்கும் எண்டு அடிச்சுச் சொல்லேலாது."

"தப்பியிருக்காது எண்டும் சொல்லேலாதுதானே?"

நான் மற்றவை எண்டு போட்டிருந்த இடத்தில என்ர கையெழுத்தில எழுதினன். கணவர் அழைத்தார், உத்தியோகத்தர் அழைப்பைத் துண்டித்தார், துண்டித்தால் வருவேன் என்று உத்தியோகத்தரே முன்னர் அறிவித்திருந்தார். டொக்டர் அதை வாசிச்சுப் போட்டுக் கீழ தன்ர கையெழுத்தை வைச்சார்.

ஒரு கிழமை கழிச்சு அவையின்ர வீட்டுக்குப் போனன். போறதுக்கு மனமில்லை. பஸ்ஸில இருந்து இறங்கி அந்தப் பத்து நிமிசத்தையும் நடந்து பாத்தன். உண்மையா ஒம்பது நிமிசம்தான்.

ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் தையலைப் பாத்தன், மார்பில பால் கட்டியிருந்ததுக்குச் செய்யவேண்டியதைச் செய்தன். வெளியில வந்து மரியதாஸிட்டை, "தம்பி, பிழை என்ர" எண்டன். எனக்கு அழுகை வந்திட்டுது. இருபத்தைஞ்சு வருசச் சேவையில ஒரு வீட்டு முத்தத்தில நிண்டு நான் அழுதது அதுதான்.

அவன் ஏசியிருக்கலாம். கையை ஓங்கியிருந்தாலும் நான் நிண்டிருப்பன். அவன் சொன்னது இதுதான்.

"நான்தானே மிசி திருப்பி அடிக்கேல்லை. மூண்டு மணிக்குப் போனைக் கையில எடுத்தனான். நீங்கள் கோவிப்பியள் எண்டு வைச்சிட்டன்."

வேற எதையும் நான் தாங்கியிருப்பன். அதை இண்டைக்கு வரைக்கும் தாங்க ஏலாமல்தான் கிடக்குது.

6. சுரண்டாத கார்ட்

அந்தக் கிழமையே எல்லாத் தாய்மாரின்ர கார்ட்டிலயும் சிவப்புப் பேனையால எழுதினதைக் கறுப்புப் பேனையால வெட்டினன். "மிசி எடுப்பா" எண்டு எழுதினன். உங்களிட்டைக் காசு இருந்தால் கதையுங்கோ, இல்லாட்டில் ஒரு அடி அடியுங்கோ, நான் திருப்பி எடுக்கிறன். எத்தினை தரமும் அடிக்கலாம். சிவபாதத்தாருக்கு இதைக் கேட்டு நெஞ்சு வெடிச்சுது. "மிசி, உங்களுக்குக் கட்டுப்படியாகுமோ?" எண்டார்.

கட்டேல்லைத்தான். அதுக்காக வேற இடத்தில பிடிச்சன். பிள்ளையளோட போனில கதைக்கிறதை நிப்பாட்டி, சனிக்கிழமை பஸ்ஸில போய்ப் பாத்தன். தம்பிக்கு நான் எடுக்கிறேல்லை, அவன்தான் எடுக்கவேணும் எண்டு சட்டம் போட்டன், அவனும் கனநேரம் கதைச்சால் அவனையும் வெட்டுவன். ஒப்பிசில கூட்டம் எத்தினை மணிக்கு, ஊசி வந்திட்டுதோ, இதுக்கெல்லாம் போனில்லை, பஸ் கொண்டக்டரிட்டைத் துண்டு குடுத்து விட்டன். என்ர ஆக்களோட மிஸ் கோல் அடிச்சன், தாராளமா. வேலை விசயத்தில மட்டும் அடிக்கேல்லை.

இன்னொண்டும் செய்தன். ஒரு நூறு ரூபாக் கார்ட் வாங்கி, சுரண்டாமல், சட்டைப் பொக்கற்றுக்குள்ள ஊசி குத்தி வைச்சன். போனுக்குள்ள காசு முடிஞ்சாலும் அது கிடக்கும். சம்பளம் பிந்தின மாசங்களிலயும் அதில கை வைக்கேல்லை.

ஒண்டரை வருசம் கழிச்சு ஜெசிந்தா அடுத்த பிள்ளை வயித்தில தங்கித் திரும்பிக் கிளினிக்குக்கு வந்தாள். மரியதாஸ் வேப்ப மரத்துக்குக் கீழ நிண்டான். ரெண்டு பேரும் வேற மிசியைக் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் டொக்டர் ஒழுங்கு பண்ணிக் குடுத்திருப்பார். கேட்கேல்லை. நான் பதிஞ்சு, கிளினிக் கார்ட்டை மடிச்சு, அதுக்குள்ள ஒரு சுரண்டாத நூறு ரூபாக் கார்ட்டைப் பசை போட்டு ஒட்டி மரியதாஸிட்டைக் குடுத்தன்.

"இது எனக்கு எடுக்கிறதுக்கு மட்டும். வேற ஒருத்தருக்கும் இல்லை. ஒண்டும் இல்லாட்டிலும் பறவாயில்லை, பயமாக் கிடந்தால் எடும்."

"நீங்கள் கோவிக்க மாட்டியளோ?"

"கோவிச்சால் கோவிச்சிட்டுப் போறன். நீர் எடும்."

அதுக்குப் பிறகு வந்த மாசமெல்லாம் அவன் பயந்த நேரமெல்லாம் தன்ர காசிலதான் எடுத்தான். ஒட்டிக் குடுத்ததைச் சுரண்டேல்லை. நான் எல்லாத்துக்கும் முதல் அடியிலயே எடுத்தன். அனலைதீவு வள்ளத்தில பையைக் கிழிச்சு எடுத்திருக்கிறன். ஒருக்கா கோயிலில பூசை நேரம் எடுத்து ஐயரிட்டை ஏச்சு வாங்கியிருக்கிறன். நாள் கிட்ட வர, ஜெசிந்தாவை முந்தியே பெரியாசுப்பத்திரியில கொண்டுபோய் நிப்பாட்டிப் போட்டன். போன தரம் நடந்ததைச் சொல்லி, கத்தி வைக்கிறதுக்கு நாளும் குறிச்சாச்சு.

அந்த நாள் நான் சரவணைக் கிளினிக்கில. ஒரு குழந்தையைத் தராசில தொங்கவிட்டு முள்ளைப் பாக்கிறன், போன் அடிச்சுது. குழந்தையைத் தாயின்ர கையில குடுத்திட்டு அடிச்ச உடன எடுத்தன்.

"ஐயோ, எடுத்துப்போட்டியளோ மிசி?" மரியதாஸின்ர குரல். "சுகம் எண்டு ஒரு அடி அடிச்சு வெட்டுவம் எண்டுதான்…"

"வெட்டாதையும். கதையும்."

"மிசி, அந்தக் கார்ட்டைச் சுரண்டிப்போட்டன்."

"அதுக்குத்தானே தந்தனான். என்ன பிள்ளை?"

"பொம்பிளைப் பிள்ளை மிசி. மூண்டு கிலோ. அழுதுது மிசி, நான் வெளியில நிண்டு கேட்டனான். ஜெசிந்தா கண் முழிச்சிட்டாள், தேத்தண்ணி கேக்கிறாள், குடுக்க வேண்டாமாம். பிள்ளைக்குத் தலை நிறைய மயிர். விரல் எல்லாம் நீளம், என்ர விரல் மாதிரி. மிசி, ரெண்டு பக்கமும் காசு போகுது."

"போகட்டும். சொல்லும், நான் கேக்கிறன்."

அவன் சொன்னான். நகத்தைச் சொன்னான், காதைச் சொன்னான், கண் மூடியிருக்குதாம் ஆனால் தன்னைத்தான் பாத்ததாம் எண்டு சொன்னான். அவனுக்கு இவ்வளவு கதை இருக்கெண்டு எனக்கு முந்தித் தெரியாது. வாங்கில இருந்த தாய்மார் எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டிருந்தினம். தராசு சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

இப்ப வேலைக்கு வாற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான். சம்பளம் காணாது, எனக்கும் காணேல்லை, உங்களுக்கும் காணாது. மிச்சம் பிடியுங்கோ, அதில ஒரு வெக்கமும் இல்லை. ஆனால் உங்களுக்கு எடுக்க ஆரும் பயப்பிடுகிற மாதிரி மட்டும் நடந்து போடாதையுங்கோ. அண்டைக்கு நான் வெட்டினது ஒரு கோலை மட்டுமில்லை, அந்த மனுசன் என்னை ரெண்டாந்தரம் கூப்பிடுற துணிவை அதுக்கு முந்தியே முத்தத்தில வைச்சு வெட்டிப்போட்டன்.

"பேரும் வைச்சாச்சு மிசி" எண்டான் மரியதாஸ். "ஜெசிந்தாவும் நானும் முந்தியே யோசிச்சு வைச்சனாங்கள். கேளுங்கோ, பேர் வந்து…"

அதோட லைன் அறுந்து போச்சு. அவனின்ர நூறு ரூபாவும் முடிஞ்சுது, என்ர போனிலயும் திருப்பி எடுக்கக் காசில்லை.

நான் சட்டைப் பொக்கற்றுக்குள்ள குத்தியிருந்த ஊசியைக் கழட்டினன். பக்கத்தில இருந்த தாயிட்டை ஒரு சதக் குத்தி வாங்கி, என்ர கார்ட்டைச் சுரண்டினன். பேரைக் கேக்கவேணும்தானே.